விளையாட்டுக் கதையைப் படமாக்க எதைப் பார்த்துக் கற்பது?

யாழ்ப்பாணத்தில் ஆறு பேர் கொண்ட எங்கள் குறும்படக் குழு, பாடசாலைப் பெண்கள் உதைபந்தாட்ட அணியொன்றில் ஒரு பருவம் முழுவதையும் மாற்று வீராங்கனையாகவே கழிக்கும் மாணவி ஒருத்தியின் கதையை 20 நிமிடப் படமாக எடுப்பதென்று முடிவு செய்து, படப்பிடிப்புக்கு முந்திய நான்கு மாதங்களைப் பயிற்சிக்கென ஒதுக்கியிருக்கிறது. எங்களிடம் இருப்பவை பாவித்த கமரா ஒன்று, ஓரளவு நல்ல கைத்தொலைபேசிகள் இரண்டு, ஒலிவாங்கி ஒன்று. எல்லோரும் வேலைக்கோ படிப்புக்கோ போகிறவர்கள் என்பதால் எங்களுக்குக் கிடைப்பவை ஞாயிற்றுக்கிழமைகள் மட்டுமே. நான்கு மாதத்துக்குப் பதினாறோ பதினேழோதான் தேறும். இந்த நேரத்தில் பலவற்றை நுனிப்புல் மேய்வதைக் காட்டிலும் ஒன்றை ஊன்றிப் பார்ப்பதே நல்லது என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இருக்கவில்லை. எதை என்பதில்தான் இரண்டு கூட்டங்கள் முழுதாகப் போயின.

வகுப்புக்குப் போவது பற்றிய பேச்சு விரைவாக முடிந்துவிட்டது. எங்களில் ஒருவர் முன்பு வார இறுதிப் பட்டறை ஒன்றுக்குப் பணம் கட்டிச் சென்று, இரண்டு நாளும் வில்லைகளின் பெயர்களைக் குறிப்பெடுத்துக்கொண்டு, கமராவைக் கையால் தொடாமலே சான்றிதழுடன் திரும்பியிருந்தார். எல்லாப் பட்டறைகளும் அப்படியல்ல என்பதை நான் அறிவேன். ஆனாலும் எங்கள் தேவை குறிப்பிட்டது, காலம் குறுகியது. எனவே மிஞ்சிய தெரிவுகள் நான்கு: ‘பிரைடே நைட் லைட்ஸ்’ என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரைக் காட்சி காட்சியாகப் பகுத்துப் படிப்பது, அதே வகையைச் சேர்ந்த, அண்மைக்காலத்து ‘டெட் லாசோ’ தொடரைப் படிப்பது, நம் மொழியில் உள்ள ‘சார்பட்டா பரம்பரை’ திரைப்படத்தைப் படிப்பது, எதையும் பார்க்காமல் நேரே மைதானத்துக்குப் போய் உண்மையான ஆட்டங்களைப் படம் பிடித்துப் பழகுவது.

தொடக்கத்தில் நான் சார்பட்டாவின் பக்கமே நின்றேன். பிறகு மனம் மாறினேன். அதற்குக் காரணம் எந்தப் படைப்பு சிறந்தது என்ற கேள்வியைக் கைவிட்டு, எந்தப் படைப்பின் வேலைமுறை எங்கள் கைக்கு எட்டக்கூடியது என்ற கேள்வியை எடுத்துக்கொண்டதுதான். திரையில் தெரியும் அழகைக் கண்டு மாதிரியைத் தெரிவு செய்கிறவர், அந்த அழகை உண்டாக்கிய ஆளணியும் பணமும் தம்மிடம் இல்லை என்பதைப் படப்பிடிப்பு நாளில்தான் உணர்கிறார். எங்களுடைய முதல் குறும்படத்தில் அதை நாங்கள் அனுபவித்தாயிற்று.

‘பிரைடே நைட் லைட்ஸ்’ 2006 ஒக்ரோபரில் என்.பி.சி. அலைவரிசையில் தொடங்கி 2011 இல் முடிந்தது. ஐந்து பருவங்களில் 76 அத்தியாயங்கள். டெக்சாஸ் மாநிலத்தின் ஒடெசா நகரத்துப் பாடசாலையொன்றின் அமெரிக்க உதைபந்து அணியின் 1988 ஆம் ஆண்டுப் பருவத்தைப் பின்தொடர்ந்து எழுதப்பட்ட நூல் 1990 இல் வெளிவந்தது; அது 2004 இல் திரைப்படமானது; அத்திரைப்படத்தை இயக்கிய பீற்றர் பேர்க்கே தொடரின் முதல் அத்தியாயத்தையும் எழுதி இயக்கினார். தொடரில் ஊரின் பெயர் டிலன் என்ற கற்பனைப் பெயர். படப்பிடிப்பு நடந்தது ஒஸ்ரின் நகரத்திலும் அதன் சுற்றுவட்டாரத்திலும். ஸ்ரூடியோவுக்குள் அரங்கு கட்டாமல் பெரும்பாலும் உண்மையான வீடுகளிலும் கடைகளிலும் மைதானங்களிலுமே எடுத்தார்கள்.

எங்களுக்கு முக்கியமானது அவர்கள் எடுத்த விதம். நடிகர்களுக்கு ஒத்திகை இல்லை. இன்ன இடத்தில் நின்று இன்ன இடத்துக்கு நகரவேண்டும் என்று தரையில் குறியிடுவதும் இல்லை. மூன்று கமராக்களைத் தோளில் ஏந்திய ஒளிப்பதிவாளர்கள் ஒரே வேளையில் படம் பிடிக்க, நடிகர்கள் தமக்குத் தோன்றியபடி அறைக்குள் நடமாடுவார்கள். வசனத்தையும் வேண்டியபடி மாற்றிக்கொள்வார்கள். நடிகரைக் கமரா தேடிப் போகவேண்டுமே தவிர, கமராவுக்காக நடிகர் காத்து நிற்பதில்லை. இதை அறிந்துகொண்டு ஒரு காட்சியைப் பார்த்தால், அதுவரை அலட்சியமாகத் தோன்றியவை எல்லாம் பொருளுடையவையாகத் தெரியத் தொடங்குகின்றன: பேசுகிறவரின் முகத்துக்கு முன்னால் இன்னொருவரின் தோள் பாதி மறைத்து நிற்பது, குவியம் ஒரு கணம் தவறிப் பின் சரியாவது, பேச்சு முடிந்த பின்னும் கமரா முகத்தை விட்டு விலக மனமில்லாமல் நிற்பது.

விளையாட்டுத் தொடர் என்பதால் மைதானத்திலிருந்து தொடங்கவேண்டும் என்று எங்கள் குழுவின் இளையவர்கள் நினைத்தார்கள். நான் சமையலறையிலிருந்து தொடங்கவேண்டும் என்கிறேன். பயிற்றுநர் எரிக் டெய்லரும் அவர் மனைவி டாமியும் தங்கள் வீட்டுச் சமையலறையில் பேசிக்கொள்ளும் காட்சிகள் தொடர் முழுவதிலும் வருகின்றன. அங்கே இருவரும் நேருக்கு நேர் நின்று வசனம் ஒப்பிப்பதில்லை. ஒருவர் எதையாவது எடுத்து வைத்துக்கொண்டிருப்பார், மற்றவர் வெளியே புறப்பட்டுக்கொண்டிருப்பார், ஒருவர் பேச்சின் மேல் மற்றவர் பேச்சு ஏறும். பயிற்றுநராக நடித்த கைல் சான்ட்லருக்கு 2011 இல் அமெரிக்கத் தொலைக்காட்சிக்கான எம்மி விருது கிடைத்தது. அந்த நடிப்பின் பெரும்பகுதி மற்றவர் பேசும்போது அவர் கேட்டுக்கொண்டிருக்கும் விதத்தில் இருக்கிறது. ஒரே வீடு, ஒரே மேசை, ஒரே சன்னல் பலமுறை படமாக்கப்பட்டிருப்பதால், மாறுவது எது, மாறாதது எது என்று ஒப்பிட்டுப் பார்க்க முடிகிறது. திரைப்படம் ஒன்றில் இந்த வசதி இல்லை. அங்கே ஒவ்வோர் இடமும் பெரும்பாலும் ஓரிரு முறைதான் வரும்; அது ஏன் அப்படி எடுக்கப்பட்டது என்று ஊகிக்கலாமே ஒழிய, அதே கையின் இன்னொரு முயற்சியோடு ஒப்பிட்டுப் பார்க்க முடியாது.

பேச்சின் மேல் பேச்சு ஏறுவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும், ஏனெனில் எங்கள் பழைய படங்களில் வீட்டுக் காட்சிகள் நாடகமேடை போல ஒலித்ததற்கு இதுவே காரணம். ஒரு கமராவை மட்டும் வைத்துக்கொண்டு உரையாடலை எடுக்கும்போது, முதலில் ஒருவரின் முகத்தை எடுத்து, பிறகு கமராவை மாற்றி வைத்து அதே உரையாடலை மற்றவரின் முகத்துக்காக மீண்டும் எடுக்கிறோம். இருவர் பேச்சும் ஒன்றோடொன்று கலந்துவிட்டால் படத்தொகுப்பில் வெட்டவே முடியாது. முதல் தடவை கலந்த இடத்தில் இரண்டாம் தடவை கலந்திருக்காது. ஆகவே ஒருவர் முடித்த பிறகே மற்றவர் தொடங்கவேண்டும் என்று நடிகர்களுக்குச் சொல்லிவிடுகிறோம். உண்மையான வீட்டில் எந்த அம்மாவும் மகள் பேசி முடிக்கும்வரை பொறுத்திருப்பதில்லை. மூன்று கமராக்கள் ஒரே வேளையில் ஓடும்போது இந்தச் சிக்கல் எழுவதில்லை. இரு முகமும் ஒரே பேச்சுக்கு உரியவை என்பதால் எங்கே வேண்டுமானாலும் வெட்டலாம்.

எங்கள் கூட்டத்தில் எழுந்த முதல் ஆட்சேபமும் இதுதான்: அமெரிக்கத் தொலைக்காட்சி நிறுவனத்துக்கு மூன்று கமரா இருக்கும், எங்களுக்கு எங்கே? ஆனால் எங்களிடம் பாவித்த கமரா ஒன்றும் தொலைபேசிகள் இரண்டும் இருக்கின்றன. அவர்கள் 16 மில்லிமீற்றர் படச்சுருளில் எடுத்தவர்கள். மூன்று கமரா ஓடினால் மூன்று மடங்கு சுருள் செலவாகும். எங்களுக்கு நினைவக அட்டையில் இடம் குறைவதைத் தவிர வேறு செலவில்லை. அன்று அவர்களுக்குப் பெருஞ்செலவாக இருந்த முறை இன்று எங்களுக்குத்தான் கூடுதலாகப் பொருந்துகிறது. நிறம் ஒத்துவராது என்பது உண்மை. மூன்றிலும் வெண்சமநிலையை, அதாவது வெள்ளை எப்படித் தெரியவேண்டும் என்ற அமைப்பை, தானியங்கியில் விடாமல் ஒரே அளவில் பூட்டிவைத்தால் பெரும்பகுதி சரியாகும். காட்சி தொடங்கும்போது மூன்று கமராவுக்கும் தெரியும்படி ஒருவர் ஒருமுறை கைதட்டினால், தொகுப்பு மேசையில் அந்த ஓசையை வைத்து மூன்றையும் பொருத்திக்கொள்ளலாம்.

இன்னொன்றையும் அவர்களிடமிருந்து அப்படியே எடுக்கக்கூடாது. அமெரிக்காவில் மின்சாரம் 60 ஹேட்ஸ். எங்கள் ஊரில் 50. தொலைபேசிகள் பொதுவாக விநாடிக்கு 30 பிரேம் என்று வைக்கப்பட்டிருப்பதால், யாழ்ப்பாணத்து வீட்டின் குழல்விளக்கு வெளிச்சத்தில் சுவரில் வரிவரியாக ஒளி ஓடும். விநாடிக்கு 25 பிரேம், ஷட்டர் திறந்திருக்கும் நேரம் 50 இல் ஒரு பங்கு விநாடி என்று வைத்தால் அது அடங்கிவிடும். முதல் படத்தில் இதை அறியாமல் இரவுக் காட்சி முழுவதையும் திரும்ப எடுத்தோம்.

மைதானத்துக் காட்சிகளுக்கு வருவோம். அமெரிக்க உதைபந்து எங்களில் எவருக்கும் தெரியாது. நான்கு முயற்சிகளுக்குள் பத்து யார் முன்னேறவேண்டும் என்பதையும் 100 யார் நீள மைதானத்தின் எல்லையைப் பந்தோடு கடந்தால் ஆறு புள்ளிகள் என்பதையும் தெரிந்துகொண்டால் ஓரளவு போதும். இந்த அறியாமையைக் குறையென்று சிலர் சொன்னார்கள்; நான் அதை இத்தெரிவின் பெரிய வசதியாகவே பார்க்கிறேன். தெரிந்த ஆட்டத்தைத் திரையில் பார்க்கும்போது நாம் ஆட்டத்தைப் பார்க்கத் தொடங்கிவிடுகிறோம். தெரியாத ஆட்டத்தில் நமக்குப் பதற்றம் வருகிறதென்றால், அது ஆட்டத்திலிருந்து வரவில்லை, படமாக்கிய விதத்திலிருந்து வருகிறது என்பது உறுதி. பிறகு அந்த விதம் எது என்று தேடலாம்.

தேடினால் கிடைப்பவை எளிமையானவை. ஆட்டத்தின் நீண்ட தொடர்ச்சி எங்குமே காட்டப்படுவதில்லை. பந்து கையை விட்டுப் போவது, பார்வையாளர் வரிசையில் ஒருத்தி எழுந்து நிற்பது, பயிற்றுநர் வாயை மூடிக்கொள்வது, புள்ளிப் பலகை, மோதலின் ஓசை, இவ்வளவுதான். என்ன நடக்கிறது, எவ்வளவு நேரம் மிச்சம், எத்தனை புள்ளி வேண்டும் என்பவற்றை உள்ளூர் வானொலி அறிவிப்பாளரின் குரல் சொல்லிவிடுகிறது. அந்தக் குரல் இல்லாவிட்டால் இந்த முகங்களுக்குப் பொருள் இருக்காது. குரல் இருப்பதால் முழு ஆட்டத்தையும் படமாக்கவேண்டிய கட்டாயம் இல்லாமற் போகிறது.

இதைக் கண்டபோது எனக்கு எங்கள் ஊர்க் கழகங்களின் இறுதியாட்டங்கள்தான் நினைவுக்கு வந்தன. ஒலிபெருக்கிக்கு முன்னால் அமர்ந்து, ஆட்டத்தை வர்ணிப்பதோடு பரிசு தந்தவர்களின் பெயர்களையும் வாசித்து, காணாமற்போன மோட்டார் சைக்கிள் திறப்புக்கும் அறிவித்தல் கொடுக்கும் அந்தக் குரல் இங்கே இல்லாத மைதானம் இல்லை. எங்கள் படத்தில் 22 பேர் ஓடும் ஆட்டத்தை எடுப்பதற்கு வேண்டிய ஆள்பலமும் நாட்களும் எங்களிடம் இல்லை. ஒலிபெருக்கிக் குரலும், மாற்று வீராங்கனைகள் அமரும் வாங்கிலும் எல்லைக்கோட்டிலும் உள்ள முகங்களும், சில நெருக்கமான கால்களும் இருந்தால் ஆட்டம் முழுவதும் நடந்தது போலாகிவிடும். அதிலும் எங்கள் கதாநாயகி ஆடாதவள், ஆட்டத்தைப் பார்ப்பவள். இந்தத் தொடர் கற்றுத்தருவதும் ஆட்டத்தைப் பார்ப்பவர்களை எப்படிப் படமாக்குவது என்பதைத்தான்.

இரண்டு அத்தியாயங்களைக் குறிப்பாகச் சொல்வேன். முதல் அத்தியாயத்தில் அணியின் நட்சத்திர வீரன் ஜேசன் ஸ்ரீற் முதுகெலும்பில் அடிபட்டு விழ, மாற்று வீரனாக இருந்த மற் சரசன் என்ற கூச்ச சுபாவமுள்ள பையன் உள்ளே அனுப்பப்படுகிறான். எங்கள் கதைக்கு இதைவிட நெருங்கிய பாடம் கிடைக்காது. மற்றது நான்காம் பருவத்தின் முதல் அத்தியாயம்: வசதியில்லாத கிழக்கு டிலன் பாடசாலையில் புதிய அணியைக் கட்டும் பயிற்றுநர், முதல் ஆட்டத்தின் இடைவேளையில் தன் பிள்ளைகள் அடிபட்டு இரத்தம் வழிய அமர்ந்திருப்பதைக் கண்டு, ஆட்டத்தைக் கைவிடுவதாக அறிவித்துவிடுகிறார். விளையாட்டுக் கதையின் உச்சக் காட்சி, ஆட்டம் நடக்காமல் போவது. உடைமாற்றும் அறை ஒன்றுக்குள் அது நிகழ்கிறது. அந்த அறையை நாங்களும் தேடிக்கொள்ளலாம்.

குறைகளும் உண்டு. இடையில் விளம்பரம் வரும் அலைவரிசைக்காக எடுக்கப்பட்டதால், ஏறத்தாழ 43 நிமிட அத்தியாயம் ஒவ்வொன்றும் சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஒரு சிறு அதிர்ச்சியில் நிறுத்தப்படுகிறது. 20 நிமிடக் குறும்படத்துக்கு இந்தக் கட்டமைப்பு உதவாது, கெடுக்கவும் கூடும். இரண்டாம் பருவத்தில் கொலைச் சம்பவம் ஒன்றைக் கொண்டுவந்து கதையை அதன் இயல்பான நிலத்திலிருந்து வெளியே இழுத்துச் சென்றார்கள். எழுத்தாளர்களின் வேலைநிறுத்தத்தால் அப்பருவம் 15 அத்தியாயங்களுடன் நின்றது. அதை நாங்கள் விட்டுவிடுவோம். கையில் ஆடும் கமரா என்பதும் ஆபத்தான பாடம்தான். அத்தொடரின் ஒளிப்பதிவாளர்கள் பார்க்கத் தகுந்ததைத் தேடியதனால் கமரா அசைந்தது. அதைப் பார்த்துவிட்டு வேண்டுமென்றே கமராவை ஆட்டுகிறவர்களின் படங்களை யாழ்ப்பாணத்துக் குறும்படத் திரையிடல்களில் நான் போதுமான அளவு பார்த்திருக்கிறேன்.

‘டெட் லாசோ’ 2020 இல் அப்பிள் நிறுவனத்தின் ஒளிபரப்பில் தொடங்கியது. அமெரிக்கப் பயிற்றுநர் ஒருவர் தனக்குத் தெரியாத ஆட்டத்துக்கு, இலண்டனின் றிச்மண்ட் பகுதிக் கழகமொன்றின் பயிற்றுநராக வருவது கதை. நாங்கள் ஆடும் உதைபந்தாட்டமே அதிலும் ஆடப்படுகிறது என்பது குழுவில் பலருக்கு அதைப் பிடித்தமாக்கியது. சிறந்த நகைச்சுவைத் தொடருக்கான எம்மி விருதை 2021, 2022 ஆகிய இரு ஆண்டுகளிலும் பெற்ற தொடர் அது. ஆனால் அதன் மைதானக் காட்சிகளில் அரங்கை நிரப்பும் கூட்டம் பெரும்பாலும் கணினியில் உருவாக்கப்பட்டது, ஒளியமைப்பு சீரானது, ஒவ்வொரு ஷொட்டும் திட்டமிட்டு அடுக்கப்பட்டது. அதைப் பகுத்துப் பார்த்து எங்களுக்கு இல்லாதவற்றின் பட்டியலைத்தான் எழுதமுடியும்.

அதில் ஒரு காட்சியை மட்டும் விட்டுவிட மனமில்லை. முதல் பருவத்தின் எட்டாம் அத்தியாயத்தில் மதுக்கடை ஒன்றின் மூலையில் நடக்கும் அம்பெறி (டார்ட்ஸ்) ஆட்டம் அது. வெல்வதற்கு 170 வேண்டும். அதாவது மூன்று மடங்கு இருபது இருமுறை, 50 புள்ளி தரும் நடுவட்டம் ஒருமுறை. அந்தக் கணக்கை முதலில் பார்வையாளருக்குத் தெளிவாகச் சொல்லிவிட்டு, ஒவ்வோர் எறிவுக்கும் இடையே பயிற்றுநரை நிதானமாகப் பேசவிடுகிறார்கள். அவர் தான் இடதுகைக்காரர் என்பதை வெளிப்படுத்தும் இடத்தில், அதுவரை நம்மிடமிருந்து மறைத்து வைக்கப்பட்டது எது என்று புரிகிறது. ஒரு பலகை, ஒரு கை, சில முகங்கள், மூன்று எறிவுகள். சனசமூக நிலையத்துக் கரம் பலகை ஒன்றை வைத்து இதை ஒரே பிற்பகலில் முயன்று பார்க்கலாம்: சிவப்புக் காயும் அதைத் தொடரும் காயும் மட்டும் மிஞ்சியிருக்க, விரல் காயைத் தட்டுவதற்கு முன் எவ்வளவு நேரம் தாமதிக்கலாம் என்று. இந்த ஒரு காட்சியைக் கடனாக எடுத்துக்கொண்டு தொடரை ஒதுக்கி வைப்பது என் யோசனை.

‘சார்பட்டா பரம்பரை’ என்னை இன்னும் இழுக்கிறது. பா. ரஞ்சித்தின் இயக்கத்தில் 2021 யூலையில் இணையத்தில் வெளிவந்த இப்படம் 1970களின் வட சென்னையைக் களமாகக் கொண்டது; குத்துச்சண்டைப் பரம்பரைகளின் போட்டி, நெருக்கடி நிலைக் காலம், வாத்தியாருக்கும் மாணவனுக்கும் இடையிலான உறவு எல்லாம் ஒன்றோடொன்று பின்னப்பட்டவை. முரளி ஜி.யின் ஒளிப்பதிவும் செல்வா ஆர்.கே.யின் படத்தொகுப்பும் பாடநூல் போலப் படிக்கத்தக்கவை. கபிலனும் டான்சிங் ரோசும் மோதும் காட்சியில், ஒவ்வொருவரின் உடல் அசைவும் அவரவர் குணத்தைச் சொல்லும்படி அமைக்கப்பட்டிருக்கிறது. டான்சிங் ரோசின் கால்களை மட்டும் பார்த்தாலே ஆள் யாரென்று தெரிந்துவிடும். வீராங்கனை ஒருத்தியின் ஓட்டம் அவளுக்கே உரியதாக இருக்கவேண்டும் என்ற பாடத்தை அதிலிருந்து எடுத்துக்கொண்டோம்.

எனினும் எங்கள் தேவைக்கு அது மூன்று விதத்தில் பொருந்தவில்லை. குத்துச்சண்டை மேடை நான்கு கயிறுகளுக்குள் அடங்கிய அறை, அதற்குள் இருவர். எங்கள் மைதானத்தில் திசை தெரியாமல் ஓடும் 22 பேர். இரண்டாவதாக, அதன் சண்டைகள் நடனம் போல ஒத்திகை பார்த்து அமைக்கப்பட்டவை. அதற்கு நடிகர்கள் எடுத்த உடற்பயிற்சிக்கே எங்கள் நான்கு மாதம் போதாது. மூன்றாவது காரணம் மொழி. தாய்மொழியில் இருப்பதால் எளிதாகக் கற்கலாம் என்று தோன்றும், நடப்பது மறுதலை. வசனம் காதில் விழுந்தவுடன் கண் வேலை செய்வதை நிறுத்திவிடுகிறது. பத்து நிமிடத்தில் குறிப்பேட்டை மூடிவிட்டுக் கதையில் ஆழ்ந்துவிடுகிறோம். ஒலியை நிறுத்திவிட்டுப் பார்த்தால்தான் வெட்டுகள் தெரிகின்றன. இதைவிடக் கவலை தருவது இன்னொன்று: சென்னைப் படங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டு எழுத உட்காரும் எங்கள் இளைஞர்களின் வசனத்தில், குருநகர்ப் பையன் இராயபுரத்துப் பையனாகப் பேசத் தொடங்கிவிடுகிறான். அமெரிக்கத் தொடரிலிருந்து அந்தத் தொற்று வருவதற்கு வழியில்லை.

நான்காவது தெரிவான நேரடி மைதானத்தை ஆதரித்தவர் எங்கள் ஒளிப்பதிவாளர். யாழ்ப்பாணத்தில் ஆட்டத்துக்குப் பஞ்சமில்லை. யாழ் மத்திய கல்லூரியும் சென் ஜோன்ஸ் கல்லூரியும் 1904 முதல் மோதிவரும் ‘வடக்கின் பெரும் சமர்’ என்ற கிரிக்கெட் போட்டி மார்ச் மாதத்து வெயிலில் நடக்கும்போது, ஆட்டத்தைவிடப் பந்தல்களுக்குக் கீழே இருக்கும் முகங்களும் வாத்தியக் குழுவும் பழைய மாணவர்களும் படம்பிடிக்கத் தகுந்தவர்கள். தெல்லிப்பழை மகாஜனாக் கல்லூரியின் பெண்கள் உதைபந்தாட்டம் நாடறிந்தது. எங்கள் கதைக்கு அந்த உலகமே அடிப்படை. நேரில் படம் பிடிப்பவர் முன்கூட்டி ஊகிக்கக் கற்றுக்கொள்கிறார்: பந்து போகும் திசையை ஆட்டக்காரியின் கண்ணிலிருந்தும் தோளிலிருந்தும் அறிந்து, பந்துக்கு முன்பாகக் கமராவை அங்கே கொண்டுபோகிறார். இதை எந்தத் தொடரும் கற்றுத்தராது.

ஆனால் நேரடி ஆட்டம் தருவது பொருளை மட்டும். அதை அடுக்கும் முறையைத் தருவதில்லை. எங்கள் ஒளிப்பதிவாளர் ஒரு முழுநாள் எடுத்து வந்த பதிவில் பாதிக்கு மேல் முதுகுகள். ஆட்டத்தை ஒளிபரப்புகிறவர்கள் முதன்மைக் கமராக்களை மைதானத்தின் ஒரே பக்கத்தில் உயரத்தில் வைத்து, ஓர் அணி ஒரு பாதி முழுவதும் ஒரே திசையில் போவதாகக் காட்டுகிறார்கள். பார்ப்பவருக்கு அதனால் குழப்பம் இல்லை. கதையோ கோட்டுக்கு உள்ளே போகவேண்டும், முகத்துக்கு அருகே போகவேண்டும், அப்படிப் போகும்போது திசை தடுமாறும். தடுமாறாமல் இருக்க என்ன செய்கிறார்கள் என்பதை, செய்து காட்டியவர்களிடம்தான் பார்க்கவேண்டும். தவிர, மாணவிகளை அவர்களின் உண்மையான ஆட்டத்தில் படம் பிடிப்பதற்குப் பாடசாலையின் அனுமதியும் பெற்றோரின் சம்மதமும் வேண்டும்; பயிற்சிக்காக அவர்களைத் தொல்லைப்படுத்துவது முறையும் அல்ல.

எனவே என் பரிந்துரை ‘பிரைடே நைட் லைட்ஸ்’. 76 அத்தியாயங்களும் தேவையில்லை. முதல் பருவத்தின் தொடக்க அத்தியாயங்கள் நான்கும் நான்காம் பருவத்தின் முதல் அத்தியாயமும் எங்களுக்குப் போதும். வாரம் ஒரு காட்சி, மூன்று நிமிடத்துக்கு மேற்படாதது. முதல் தடவை ஒலியோடு. இரண்டாம் தடவை ஒலியில்லாமல். மூன்றாம் தடவை படத்தைப் பார்க்காமல் ஒலியை மட்டும். பிறகு கணினியில் வீ.எல்.சி. என்ற காணொளி இயக்கியில் ‘E’ விசையை அழுத்திப் பிரேம் பிரேமாக நகர்த்தி, வெட்டுகளை எண்ணி எழுதுவது. 180 விநாடிக் காட்சியில் 45 வெட்டு என்றால் சராசரி நான்கு விநாடி. அந்தச் சராசரியை விட நீண்டு நிற்கும் ஷொட்டுகள் எவை, அவை யாருடைய முகங்கள் என்பதே நாங்கள் விடை காணவேண்டிய கேள்வி. பேசுகிறவர் முகத்திலிருந்து கேட்பவர் முகத்துக்கு எந்தச் சொல்லில் வெட்டுகிறார்கள் என்பதையும் தனியாகக் குறிக்கவேண்டும். அடுத்த காட்சியின் ஓசை முந்திய படத்தின் மேலேயே தொடங்கிவிடும் இடங்களையும்.

ஞாயிறு காலை இந்தக் கணக்கு. பிற்பகல் அதே காட்சியை எங்கள் வீட்டிலும் எங்கள் பேச்சிலும் மூன்று கமராவால் எடுப்பது. மாலை வெளிச்சம் தேவைப்படும் காட்சியானால் நேரத்தைக் கண்டிப்பாகக் கவனிக்கவேண்டும். ஒஸ்ரின் நகரம் ஏறத்தாழ 30 பாகை அகலக்கோட்டில் இருக்கிறது, நாங்கள் பத்துப் பாகைக்கும் குறைவான இடத்தில். இங்கே சூரியன் செங்குத்தாக இறங்குவதால் அவர்களுக்குக் கிடைத்த நீண்ட பொன்னொளி எங்களுக்குக் கிடைக்காது. யாழ்ப்பாணத்துப் பண்ணைக் கடற்கரைப் பக்கம் நின்று பார்த்தவர்களுக்கு அது தெரியும்: கமராவைச் சரிசெய்து நிமிர்வதற்குள் இருட்டிவிடும்.

இத்திட்டத்தை எழுதிக் குழுவுக்குக் கொடுத்தபோது, ஒளிப்பதிவாளர் ஒரு நிபந்தனையோடு ஒத்துக்கொண்டார்: மாதம் ஒரு ஞாயிறு அவருடைய மைதானத்துக்கு. அது நியாயமானது, நாட்காட்டியில் நான்கு ஞாயிறுகளைச் சிவப்பால் வட்டமிட்டிருக்கிறோம். முதல் வாரத்துக்குச் சமையலறைக் காட்சி. வீடு என்னுடையது, தாயாக நடிப்பவர் என் அக்கா. அவர் வசனத்தை மனப்பாடம் செய்யத் தொடங்கிவிட்டார் என்று கேள்விப்பட்டேன்; அதை முதலில் நிறுத்தவேண்டும்.